ஒரே நெல், இரண்டு இடம், இரண்டு வண்டு: வெக்கைதான் காரணமா?

படுவான்கரையான்

வணக்கம் எல்லாருக்கும். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்க.

போன மாரி வேளாண்மை வெட்டியதில் ஐம்பது மூடையை விற்காமல் வைத்தேன், விலை ஏறும் என்று ஒரு நம்பிக்கை (ஏறவில்லை, அது வேறு கதை). இடம் போதாததால் இருபது மூடையை வெல்லாவெளியில் மாமாவின் பழைய ஓட்டு வீட்டு அறையில் அடுக்கினேன், மிச்சம் முப்பதும் வட்டைக்குப் பக்கத்தில் நான் புதிதாகப் போட்ட தகரக் கொட்டிலில். ஒரே வயல், ஒரே நாள் மெஷின் வெட்டு, ஒரே படங்கில் காயவைத்த நெல். பைகள் மட்டும் பழைய உரப்பைகள், போன வருடமும் நெல் கிடந்தவை, தட்டிவிட்டு அப்படியே பாவித்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது என்று தெரியும், அதற்காக இங்கேயும் ஏசவேண்டாம், மாமா ஏற்கனவே ஏசி முடித்துவிட்டார்.

பங்குனிக் கடைசியில் ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் இரண்டு வகை வண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த மூக்கு நீண்ட அரிசி வண்டு. மற்றது மூக்கில்லாத, உருண்டு நீண்ட, கடும் மண்ணிறச் சின்ன வண்டு. மேலே இருந்து பார்த்தால் தலையே தெரியாது, சட்டைக் கொலருக்குள் தலையை இழுத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

இப்போது ஆடி. கொட்டிலில் பையை அசைத்தாலே மாவு கொட்டுகிறது. மனைவி ஒரு சுளகு நெல்லைப் புடைத்துக் காட்டினாள், நுனியில் ஒரு பிடி வண்டு, அத்தனையும் அந்தத் தலை தெரியாத ஆள். மூக்கு வண்டை அதற்குள் தேடித் தேடி ஐந்துதான் எடுத்தோம். மாமா வீட்டு அறையில் நேர் எதிர். மூக்கு வண்டு பைக்கு வெளியே வரிசை கட்டி ஊர்கிறது, மற்றதை ஒன்றிரண்டுதான் கண்டோம்.

மாமாவிடம் கேட்டால் "வெக்கை கூடினால் எல்லாப் பூச்சியும் கூடும்" என்கிறார். அப்படியானால் கொட்டிலில் இரண்டும் கூடியிருக்க வேண்டாமா? ஒன்று கூடி மற்றது ஏன் காணாமல் போனது? ஒன்றையொன்று தின்கிறதா? யாருக்காவது விளங்கினால் சொல்லுங்க. மருந்து என்ன அடிக்கலாம் என்பதையும்.

கல்லாத்துப் பொடியன்

அண்ணன், ஆராய்ச்சி எல்லாம் எதற்கு, மூடைக்கு ஒரு புகை மாத்திரையைப் போட்டுப் படங்கால் மூடிவிடுங்க, மூன்று நாளில் மூக்கு உள்ளதும் இல்லாததும் ஒன்றாகக் கிடக்கும்.

அந்துப்பூச்சி

பொடியன், மாமாவும் மாமியும் படுக்கிற வீட்டு அறையில் அந்த மாத்திரையை வைத்தால் வண்டுக்கு முதல் யார் போவார்கள் என்று யோசித்தீர்களா? அது ஈரம் பட்டால் பொஸ்பீன் வாயுவை விடுகிற சாமான். கதவு இடுக்கால் பக்கத்து அறைக்குப் போகும். பயிற்சி உள்ளவர்கள், ஆள் குடியிருக்காத களஞ்சியத்தில், காற்றுப் போகாமல் மூடிச் செய்கிற வேலை. தயவுசெய்து வீட்டில் யாரும் செய்யவேண்டாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவள், பிறகு சில வருடம் நெற்களஞ்சியங்களோடுதான் பிழைப்பு, அதனால் இந்த இரண்டு பேரோடும் எனக்குப் பழக்கம் உண்டு. உங்கள் தலை தெரியாத வண்டு தானியத் துளைப்பான், ரைசோபெர்த்தா டொமினிக்கா. மூக்கு வண்டு சிட்டோபிலஸ் ஒரைசே. முதுகில் மங்கலான செம்மஞ்சள் புள்ளி நாலு இருக்கும், வெயிலில் பிடித்துப் பாருங்க.

படுவான்கரையான், உங்களுக்குத் தெரியாமலே 1953இல் வெளிவந்த ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்திருக்கிறீர்கள். அவுஸ்திரேலியாவில் பேர்ச் என்ற பூச்சியியலாளர் இதே இரண்டு வண்டையும் கோதுமைக்குள் ஒன்றாக விட்டார். கோதுமையின் ஈரப்பதம் இரண்டு பக்கமும் 14 சதவீதம், மாற்றியது வெப்பத்தை மட்டும். 29.1 பாகையில் வைத்ததில் மூக்கு வண்டு வென்றது, துளைப்பான் இல்லாமலே போனது. 32.3 பாகையில் வைத்ததில் துளைப்பான் வென்றது, மூக்கு வண்டு ஒழிந்தது. வித்தியாசம் மூன்று பாகைக்கும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நமக்கு அது காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசம், வண்டுக்கு அது இருப்பதா அழிவதா என்ற கணக்கு.

ஒன்றையொன்று தின்பது முக்கியமில்லை, சண்டையும் பிடிப்பதில்லை. இது பெருகும் வேகத்தில் நடக்கிற போட்டி. மூக்கு வண்டுக்கு 28, 30 பாகைதான் வாய்ப்பு, முட்டையிலிருந்து வண்டாக வெளியே வர ஒரு மாதம்கூட எடுக்காது. ஆனால் 34, 35ஐ எட்டினால் அதன் இனப்பெருக்கம் கிட்டத்தட்ட நின்றுவிடும். துளைப்பானுக்கு அந்த 34தான் திருவிழா. அதற்கு மேலே 38 வரைக்கும் எப்படியோ தாக்குப்பிடித்துப் பெருகும். நெல் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் எது முந்திப் பெருகுகிறதோ அது மணிகளைப் பிடித்துக்கொள்ளும், பிந்தியது முட்டையிடப் போனால் அங்கே ஏற்கனவே ஆள் இருக்கும். மாமா சொல்வது முழுக்கப் பிழையில்லை, வெக்கை கூடினால் பூச்சி வேகமாக வளரும்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்சி இருக்கிறது, அதைத் தாண்டினால் விழும். இரண்டு வண்டுக்கும் உச்சி ஒரே இடத்தில் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். கொட்டிலில் வெப்பம் எவ்வளவு என்று அளந்தீர்களா? தகரத்துக்குக் கீழே காற்று ஒரு வெப்பம், பைக்கு நடுவே நெல் இன்னொரு வெப்பம். வண்டு இருப்பது பைக்குள்.

நிந்தவூர் மில்காரன்

அந்துப்பூச்சி சகோதரி எழுதியது நல்ல விளக்கம். ஆனால் எல்லாவற்றையும் வெக்கையின் தலையில் கட்டிவிட முடியாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் இருபத்திரண்டு வருடமாக மில்லில் நிற்கிறேன்.

முதலாவது, உமி. மூக்கு வண்டுக்கு முழு உமியோடு இருக்கிற நெல் கடினம். அது மணியைத் துளைத்து, ஓட்டைக்குள் ஒரு முட்டையை வைத்து, மேலே பசையால் அடைத்துவிட்டுப் போகிற சாதி. உமி இறுக்கமாக மூடியிருந்தால் அதற்கு வேலை ஓடாது. மெஷின் வெட்டில் உமி கீறுகிறதே, அந்த மணிகளில்தான் நுழையும். துளைப்பான் அப்படி இல்லை, முட்டையை வெளியே நெல்லுக்கிடையில் கொத்தாகப் போட்டுவிடும், பொரித்த புழு தூசி அளவு, உமியின் இரண்டு மடிப்பும் சேருகிற இடுக்கால் தானே உள்ளே போய்விடும். ஆகவே நெல் என்று வந்தால் துளைப்பானுக்கு ஆரம்பத்திலேயே கை ஓங்கித்தான் இருக்கும். அரிசியாக்கி வைத்திருந்தால் கதை மாறும். நம்ம மில்லில் நெல் மூடைப் பக்கம் துளைப்பான், அரிசி மூடைப் பக்கம் மூக்கு வண்டு, இரண்டுக்கும் நடுவே பத்து அடிகூட இல்லை, வெக்கையும் ஒன்றுதான்.

இரண்டாவது, ஈரம். காய்ந்து முறுகின நெல்லில் மூக்கு வண்டு திணறும். துளைப்பான் அந்த அளவு காய்ந்ததிலும் சீவித்துவிடும். தகரக் கொட்டிலில் நாலு மாதம் கிடந்த நெல் மாமா வீட்டு நெல்லை விட நன்றாகவே காய்ந்திருக்கும். அப்போது வென்றது வெக்கையா, காய்ச்சலா? (நெல்லின் காய்ச்சலைச் சொல்கிறேன்.)

மூன்றாவது, உங்கள் இரண்டு இடத்திலும் அந்துப் பூச்சி இல்லையா? அந்தச் சாம்பல் மஞ்சள் சின்ன அந்து? அது இல்லாமல் நெல் அடுக்கு நான் கண்டதில்லை.

படுவான்கரையான்

மில்காரன் காக்கா, அந்து இருக்கிறது, ஓம். கொட்டிலில் மேல் அடுக்கில் மட்டும், பையைத் தட்டினால் பறக்கும். கீழ் அடுக்கில் இல்லை. அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

வெப்பம் அளக்க இன்றைக்குத்தான் ஒரு வழி பிடித்தேன். வீட்டில் இருக்கிற காய்ச்சல் பார்க்கிற கருவி உதவாது, தம்பி கோழிக்குஞ்சு வளர்க்கிற பெட்டியில் தொங்குகிற வெப்பமானியைக் கடன் வாங்கி, ஒரு கம்பியில் கட்டிப் பைக்கு நடுவே விட்டு அரை மணி நேரம் வைத்து எடுத்தேன். இரண்டு மணி வெயிலில் கொட்டிலுக்குள் காற்று 39. பைக்கு நடுவே 34. காலையில் ஆறு மணிக்கு அதே பை 32க்குக் கீழே இறங்கவில்லை, அது எனக்கு ஆச்சரியம், வெளியே குளிர்ந்து போயிருந்தது. மாமா வீட்டு அறையில் காற்று 31, பைக்குள் 29 அரை, காலையிலும் மத்தியானமும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த அறைச்சுவர் ஒன்றரை முழத் தடிப்பு, வெளியே பலா மரம்.

இன்னொன்று. கொட்டிலின் வடக்கு மூலையில், நாவல் மரம் நிழல் விழுகிற பக்கம் தரையோடு கிடந்த ஒரு பையை அவிழ்த்தேன். அதில் மூக்கு வண்டு நன்றாகவே இருந்தது! துளைப்பானும் இருந்தது, இரண்டும் கலந்து. அந்தப் பைக்குள் 31. இதைக் கண்டபிறகுதான் எனக்கு நித்திரை போனது.

அந்துப்பூச்சி

நித்திரையைக் கெடுத்தது நான்தான் போல, மன்னியுங்க. ஆனால் அந்த வடக்கு மூலைப் பைதான் உங்கள் கேள்விக்கு ஆகச் சிறந்த பதில், மற்ற நாற்பத்தொன்பதும் ஒரு பக்கம்.

மில்காரன் காக்கா சொன்ன உமியும் ஈரமும் நூறு வீதம் சரி. அந்த வடக்கு மூலைப் பை தரையில் கிடந்ததால் கொஞ்சம் ஈரத்தையும் இழுத்திருக்கும், ஆகவே அங்கே வெப்பம் மட்டும்தான் மூக்கு வண்டைக் காப்பாற்றியது என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன். வெப்பத்தையும் ஈரத்தையும் பிரித்துப் பார்த்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் பார்க். அவர் எடுத்தது மாவில் வருகிற செவ்வண்டு இரண்டு இனம், ட்ரைபோலியம் கஸ்டேனியம், ட்ரைபோலியம் கன்பியூசம். நம்ம வீட்டு மாவில் வருவது பெரும்பாலும் முதலாவது. 34 பாகையும் காற்றில் 70 வீத ஈரப்பதமும் என்றால் ஒவ்வொரு தடவையும் கஸ்டேனியம் வென்றது. 24 பாகை, 30 வீதம் என்றால் ஒவ்வொரு தடவையும் கன்பியூசம். வேடிக்கை இனித்தான்: அதே 34 பாகையை வைத்துக்கொண்டு ஈரத்தை மட்டும் 30க்கு இறக்கினால் பத்துக்கு ஒன்பது தடவை கன்பியூசம் வென்றது. நடுவில் 29 பாகை, 70 வீதத்தில் கஸ்டேனியத்துக்கு 86 வீதம் வெற்றி, மிச்சம் மற்றதுக்கு. ஒரே போத்தல், ஒரே மாவு, ஒரே எண்ணிக்கையில் விட்ட வண்டு, ஆனாலும் சில போத்தலில் இது, சில போத்தலில் அது. 1954இல் வந்த முடிவு இது. இரண்டு ஓரத்தில் முடிவு நிச்சயம், நடுவே ஒரு இடம் இருக்கிறது, அங்கே பூவா தலையாதான். உங்கள் 31 பாகைப் பை அந்த நடு இடத்தில் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்பு, 1948இல், அவரே இன்னொன்றையும் கண்டார். இந்த வண்டுகளின் உடம்புக்குள் வாழ்கிற ஒரு ஒட்டுண்ணி இருக்கிறது, அடெலினா என்று பெயர். அது இருக்கிற போத்தல்களில் பெரும்பாலும் கன்பியூசம் வென்றது, அது இல்லாத போத்தல்களில் பெரும்பாலும் கஸ்டேனியம். ஆகவே காக்கா, உங்கள் பட்டியலில் நோயையும் சேருங்க.

அந்து மேல் அடுக்கில் மட்டும் இருப்பது வெக்கையால் இல்லை. அந்த அந்து மெலிந்த உடம்பு, நெல்லுக்குள் ஆழமாக நுழைந்து போகத் தெம்பில்லை, அதனால் மேற்பரப்போடு நிற்கும். துளைப்பான் அடி வரைக்கும் போகும். அப்படி இடத்தைப் பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒரே கொட்டிலில் வாழலாம்.

காலையில் பை குளிராததற்குக் காரணம், நெல் வெப்பத்தைச் சீக்கிரம் விடாது, உமி நல்ல கம்பளி. அதோடு வண்டு அவ்வளவு நெருக்கமாக இருந்தால் அவற்றின் மூச்சே நெல்லைச் சூடாக்கும். பைக்குள் கையை விட்டால் ஒரு இடம் மட்டும் சுடுகிற மாதிரி இருந்தால் அங்கேதான் கூட்டம். துளைப்பான் இருக்கிற பையில் ஒரு இனிப்பு மணமும் வரும், மூக்கை வைத்துப் பாருங்க.

உன்னிச்சை சோளன்

நல்ல கதை போகிறது, நானும் ஒரு கட்டை போடுகிறேன்.

நான் சோளம் செய்கிறவன். 2018 கடைசியில் படைப்புழு வந்து அம்பாறைப் பக்கமும் நம்ம பக்கமும் சோளத்தைப் பிரித்து மேய்ந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு முதல் சோளத்தில் எனக்குப் பெரிய தலையிடி தண்டு துளைக்கிற புழு. இப்போது குருத்தைப் பிரித்தால் படைப்புழுதான் இருக்கிறது, மற்றதைக் காண்பது குறைவு. ஒரு குருத்துக்குள் ஒரு பெரிய படைப்புழுதான் இருக்கும், கவனித்தீர்களா? சின்னதில் பத்துப் பதினைந்து இருக்கும், பிறகு ஒன்றையொன்று தின்று ஒன்று மிஞ்சும். தன் கூடப்பிறந்ததையே தின்கிற சாமானுக்கு அயல்வீட்டுப் புழு எம்மாத்திரம்.

ஆனால் அதற்கும் குளிர் ஆகாது. அமெரிக்காவில் உறைபனி விழுகிற இடங்களில் குளிர்காலத்தோடு அது செத்துப்போகும், தெற்கே புளோரிடா, டெக்சஸ் பக்கம் தப்பியிருப்பது ஒவ்வொரு வருடமும் திரும்ப மேலே பறந்து போகிறது. நம்ம ஊரில் அதற்கு அந்தத் தொல்லையே இல்லை, வருடம் முழுக்க வெக்கை. ஆபிரிக்காவிலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு, நம்ம ஆசியாவிலிருந்து போன புள்ளித் தண்டுதுளைப்பான் அங்கே சூடான தாழ்நிலத்தைப் பிடித்துக்கொண்டது, குளிரான மேட்டு நிலத்தில் அவர்களுடைய உள்ளூர்த் துளைப்பான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாம்பழ ஈயும் அப்படித்தான். ஹவாயில் முதல் இருந்தது மத்தியதரைப் பழ ஈ. 1945 அளவில் ஆசியப் பழ ஈ வந்தது, கொஞ்ச வருடத்தில் கடற்கரைப் பக்கத் தோட்டங்களில் பழைய ஈயைத் துடைத்துவிட்டது. பழையது போய் ஒளிந்த இடம் மலை, குளிர், கோப்பித் தோட்டம். 2003இல் கென்யாவில் ஒரு புது ஈயைக் கண்டு 2005இல் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர் வைத்த கட்டுரையின் தலைப்பிலேயே இலங்கையும் இருக்கிறது, ஏனென்றால் அதே ஈ இங்கேயும் இருந்தது. பிறகு பார்த்தால் அது வேறு யாருமில்லை, அதே ஆசியப் பழ ஈதான். ஏற்றுமதியில் நாம் குறைந்தவர்கள் இல்லை.

சம்மாந்துறை வட்டை

களஞ்சியத்தை விட்டு வயலுக்கு வாருங்க. பயிரின் அடியில் இருந்து சாறு குடிக்கிற அறக்கொட்டியானுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா? இந்தச் சிறுபோகத்தில் வெயில் நெருப்பு, கச்சான் காற்று வேறு, அறக்கொட்டியான் வராது என்று எல்லாரும் சொன்னார்கள், எங்கள் வயல் கண்டத்தில் வட்டம் வட்டமாகக் கருக்கிவிட்டது. பக்கத்துக் கண்டத்தில் இலையைச் சுருட்டுகிற மடிச்சுக்கட்டிப் புழுதான், அறக்கொட்டியான் இல்லை.

அந்துப்பூச்சி

பொருந்தும், ஆனால் வானிலை அறிக்கையில் சொல்கிற வெப்பத்தை வைத்துப் பார்த்தால் பொருந்தாது. அறக்கொட்டியானுக்கு 25 முதல் 30 வரை நல்ல காலம், 33, 34ஐத் தாண்டினால் முட்டை சரியாகப் பொரிக்காது, தாய்ப் பூச்சியும் சீக்கிரம் சாகும். அதன் உடம்புக்குள் மதுவம் போல ஒரு நுண்ணுயிர் இருக்கிறது, நெற்சாறில் இல்லாத சத்தைச் செய்து கொடுக்கிறது அதுதான், கடும் வெக்கையில் அதுவும் குறைந்துபோகும். அப்படியிருந்தும் உங்கள் வயலில் ஏன் வந்தது என்றால், அது இருப்பது பயிரின் அடியில், தண்ணிக்கு ஒரு சாண் மேலே. மேலே 35 என்றாலும் நெருக்கமாக விதைத்து, யூரியா அள்ளிப் போட்டு, இலை மூடிக்கிடக்கிற வயலில் அடி ஈரமும் குளிருமாக இருக்கும். கொட்டிலுக்குள் வடக்கு மூலைப் பை மாதிரி. குனிந்து பயிரை விலக்கிக் கையை உள்ளே விட்டுப் பாருங்க, முகத்தில் அடிக்கிற காற்றுக்கும் கையில் படுகிற காற்றுக்கும் வித்தியாசம் தெரியும்.

பக்கத்துக் கண்டம் எப்படி விதைத்தது, எவ்வளவு யூரியா, எத்தனை தடவை மருந்தடித்தது என்று கேட்டுப் பாருங்க. முளைத்து ஒரு மாதத்துக்குள் மடிச்சுக்கட்டிக்கு என்று கண்டபடி அடித்தால் சிலந்தியும், அறக்கொட்டியானின் முட்டையைக் குடிக்கிற சின்னப் பச்சை மூட்டுப்பூச்சியும் சேர்ந்து செத்துப்போகும். அதற்குப் பிறகு வெப்பம் எத்தனை பாகை என்று நாம் பேசிப் பயனில்லை.

சம்மாந்துறை வட்டை

யூரியாக் கதையைக் கதைக்க வேண்டாம் சகோதரி, எங்கள் ஆட்கள் வாசித்தால் என்னைத்தான் பிடிப்பார்கள். அடித்தது மூன்று தடவை. பக்கத்துக்காரன் ஒன்று.

நிந்தவூர் மில்காரன்

ஹஹ, அப்போது விசாரணை முடிந்தது.

படுவான்கரையான் தம்பி, உங்கள் நெல்லுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. கொட்டில் நெல்லை முதலில் மில்லுக்கு அனுப்புங்க, அதைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம், துளைப்பான் ஏறின நெல் குத்தினால் உடைந்த குறுநல்தான் கூட வரும், நாள் போகப் போக இன்னும் கூடும். மாமா வீட்டு நெல்லை வெயிலில் போடுங்க. மத்தியானம் படங்கில் மெல்லிசாக, இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மணிக்கு ஒரு தடவை காலால் கிளறிவிடுங்க. மூக்கு வண்டு சூட்டுக்குத் தாங்காமல் படங்கின் ஓரத்துக்கு ஓடிவந்து அடியில் நிழலுக்குள் பதுங்கும், பின்னேரம் படங்கைச் சுருட்டும்போது அதோடு திரும்பிக் களஞ்சியத்துக்கு வந்துவிடும், அதைத்தான் நம்ம ஆட்கள் கவனிப்பதில்லை. ஓரத்தைச் சுற்றி நாலு கோழியை விட்டால் மருந்தே தேவையில்லை.

அந்துப்பூச்சி

காக்கா சொன்ன கோழி முறைக்கு என் முழு ஆதரவு. கூட ஒன்று மட்டும்: வெளியே ஓடுகிறது வளர்ந்த வண்டு. மணிக்குள் இருக்கிற புழு ஓடாது. அதைக் கொல்ல நெல்லே 50 பாகையைத் தாண்டிச் சில மணி நேரம் நிற்கவேண்டும், சாதாரணப் படங்கில் அது எட்டுவது கடினம், கறுப்புப் பொலித்தீனை விரித்து மேலே தெளிந்த பொலித்தீனால் மூடினால் எட்டும். அதிலும் துளைப்பான் மற்றதை விடச் சூடு தாங்கும், மூக்கு வண்டுக்குப் போதுமான வெயில் இதற்குப் போதாது. விதை நெல்லுக்கு இந்த மூடி வேகவைக்கிற வேலையைச் செய்துவிடாதீர்கள், 43 பாகைக்கு மேல் போனால் முளைப்புக் கெடத் தொடங்கும். விதை நெல்லை 13 வீதத்துக்குக் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத பையில் கட்டி வையுங்க, உள்ளே இருக்கிற ஒக்சிசனை நெல்லும் வண்டும் முடித்ததும் வண்டு சாகும். ஆனால் துளைப்பான் ஏறின நெல்லை அந்தப் பையில் போடவேண்டாம், அது சாகிறதுக்கு முதல் பொலித்தீனையே துளைத்துவிடும். உங்கள் பழைய உரப்பையின் உள்பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்க, ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள் தெரிந்தால் யார் வேலை என்று விளங்கும்.

உரப்பை எல்லாவற்றையும் கொதிதண்ணியில் போட்டெடுங்க. கொட்டில் கூரைக்கு மேலே கிடுகு வேய்ந்தால் நாலைந்து பாகை இறங்கும், ஆனால் அப்போது மூக்கு வண்டுக்கு வாசல் திறந்துவிடுகிறீர்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

படுவான்கரையான்

உள்பையைப் பிடித்துப் பார்த்தேன். நட்சத்திரம் மாதிரி ஓட்டை.

முப்பது மூடையில் இருபத்தாறை நேற்று மில்லுக்கு ஏற்றிவிட்டேன், விலையைச் சொல்ல வெட்கம். மாமா வீட்டு நெல் படங்கில் கிடக்கிறது, காக்கா சொன்ன மாதிரி ஓரம் முழுக்க மூக்கு வண்டு, மாமியின் கோழிகள் மூன்றும் ஒரு மணி நேரத்தில் வயிறு நிறைந்து மரத்தடியில் படுத்துவிட்டன, அதற்குப் பிறகு கூப்பிட்டும் வரவில்லை. நாளைக்குப் பக்கத்து வீட்டுக் கோழியையும் கேட்கவேண்டும்.

அந்துப்பூச்சி அக்காவின் 1953 கதை மண்டையை விட்டுப் போகவில்லை. இரண்டு ஜாம் போத்தல் எடுத்து, காலால் தேய்த்து உமி கொஞ்சம் கீறின நெல்லை ஒரே அளவாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் மூக்கு வண்டு பத்து, துளைப்பான் பத்து விட்டு, வாயைச் சட்டைத் துணியால் கட்டினேன். ஒன்று மாமா அறையில், ஒன்று கொட்டிலில். ஐப்பசியில் எண்ணிச் சொல்கிறேன். மாமா வாசலில் நின்று இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐம்பது மூடையில் வளர்த்தது காணாதென்று இப்போது போத்தலிலும் வளர்க்கிறாயா மருமகன்" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை, போத்தலைக் கொண்டுபோய் அவருடைய கட்டிலுக்குக் கீழேதான் வைத்தேன், அங்கேதான் 29 பாகை.